நடு இரவில் நிலநடுக்கம், கதவு நிலைக்கு ஓடினேன். தப்பா?

மூன்றாம் மாடி எழுதியது:

இந்தப் பக்கம் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. "அங்கே அடிக்கடி ஆடும், போகப்போகப் பழகிவிடும்" என்று வருவதற்கு முன்பே சொன்னார்கள். இரண்டு மூன்று முறை லேசாக ஆடியதாம். எனக்குத் தெரியவே இல்லை, மறுநாள் மற்றவர்கள் பேசித்தான் தெரிந்தது. போன செவ்வாய் இரவு அப்படி இல்லை.

மணி மூன்றேகால் இருக்கும். முதலில் வந்தது சத்தம்தான். கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி டகடகவென்று தட்டியது. ஏதோ லாரி போகிறது என்று திரும்பிப் படுத்தேன். நாலைந்து விநாடி போயிருக்கும், கட்டிலை யாரோ கால்மாட்டில் பிடித்து இழுத்து இழுத்து விடுவது போல் பக்கவாட்டில் ஆட ஆரம்பித்தது. பள்ளியில் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்து, குளியலறைக் கதவு நிலைக்கு ஓடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். என் கணவர் பையனைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினார். நடுவில் கரண்டும் போனது. மொத்தமே இருபது விநாடிதான் என்கிறார்கள். நான் நம்பத் தயாராக இல்லை.

கட்டடத்தில் ஒரு கீறல் கிடையாது. காயம் பட்டது எனக்கு மட்டும். அலமாரி திறந்துகொண்டு உள்ளே இருந்த கண்ணாடி ஜாடிகள் விழுந்து நொறுங்கியிருந்தன. இருட்டில் வெறுங்காலோடு அவர்களைத் தேடிப் போய் மிதித்துவிட்டேன். குதிகாலில் நான்கு தையல். செய்தியில் "5.6 அளவு, மிதமான நிலநடுக்கம், சேதம் ஏதுமில்லை" என்று ஒரே வரி. என் குதிகால் கணக்கில் வராது போலிருக்கிறது.

இப்போது வீட்டில் தினமும் இதே விவாதம். நிலையில் நின்றது சரி என்கிறேன் நான், வெளியே ஓடியதுதான் சரி என்கிறார் அவர். இன்னொன்றும் புரியவில்லை. என்னோடு வேலை செய்யும் பெண்ணின் வீடு எங்களைவிடத் தள்ளித்தான் இருக்கிறது, ஆனால் அங்கே ஊஞ்சல் போல ஒரு நிமிடம் ஆடியதாம். அவள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குன்றின் மேல் குடியிருப்பவர்களோ தூங்கிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அது எப்படி? இதற்கிடையில் வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்றுகிறது, 48 மணி நேரத்தில் இதைவிடப் பெரியது வரும் என்று. நேற்றே அந்த 48 மணி முடிந்துவிட்டது, ஆனாலும் சுற்றுகிறது.

வாடகை வீடு. சுவரில் ஓட்டை போடக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறார்கள். பீரோவை எப்படி நிறுத்துவது? பயமுறுத்தாமல் சொல்லுங்கள். பையன் இப்போதே தனியாகப் படுக்க மாட்டேன் என்கிறான், ஆறு வயதுதான்.

பழைய குடித்தனம் எழுதியது:

தங்கச்சி, முதல்ல காலைப் பாருங்க, தையல் பிரிக்கிற வரைக்கும் அதிகம் நடக்காதீங்க.

இங்க நான் வந்து இருபத்தோரு வருஷம் ஆச்சு. நீங்க ரெண்டு பேர் செஞ்சதுமே தப்புதான், சண்டையை நிறுத்திக்கலாம். நிலைக்கு ஓடுறது பழங்காலத்து மண் வீட்டுக்குச் சொன்னது. செங்கல்லும் மண்ணும் சரிஞ்சு விழுந்த பிறகு மரச்சட்டம் மட்டும் நின்னுச்சு, அதைப் பார்த்து வந்த பழக்கம். இப்ப இருக்கிற வீட்டுல நிலைக்குன்னு தனி பலம் எதுவும் கிடையாது. போதாததுக்கு கதவு வேற ஆடி விரலை நசுக்கும். மாடிப்படி அதைவிட மோசம். ஆடுற நேரத்துல படியில ஓடுறவங்கதான் உருண்டு விழுறாங்க. வெளியே போனா தலையில விழுறதுக்கு சுவர் ஓரத்து கண்ணாடி, ஓடு, பால்கனி விளிம்பு எல்லாம் காத்திருக்கு.

படுக்கையில இருந்தா படுக்கையிலேயே இருங்க. குப்புறப் படுத்து தலையணையைத் தலைக்கும் கழுத்துக்கும் மேல பிடிச்சுக்கோங்க, அவ்வளவுதான். முழிச்சிருந்தா மண்டி போட்டு, உறுதியான மேஜைக்கு அடியில தலையை நுழைச்சு, மேஜைக் காலை ஒரு கையால பிடிச்சுக்கணும். பிடிக்கிறது எதுக்குன்னா, மேஜை நடக்கும். மேஜை போற பக்கம் நீங்களும் போகணும்.

பீரோ நடக்கும்னு நான் சொன்னா எங்க வீட்டுக்காரர் சிரிப்பார். அப்புறம் ஒரு நாள் நடந்துச்சு. நாங்க வந்த நாலாவது வருஷம், விடியற்காலை. இரும்பு பீரோ. விழலை, விழுந்திருந்தாக்கூட சத்தத்துல தெரிஞ்சிருக்கும். நாலு காலுல ஒண்ணு மாத்தி ஒண்ணு தூக்கி வெச்சு, தரையில கோடு போட்டுக்கிட்டே போய், படுக்கையறைக் கதவுக்குக் குறுக்கே நின்னுக்கிச்சு. கதவு உள்பக்கம் திறக்கிற கதவு. நானும் அவரும் உள்ள, என் மாமியார் வெளியே ஹால்ல. நாங்க தள்ளினா பீரோ அசையல, ஏன்னா உள்ள இருந்த துணியெல்லாம் ஒரு பக்கமா சரிஞ்சு பாரம் அந்தப் பக்கமே இருந்துச்சு. முக்கால் மணி நேரம் கழிச்சு கீழ் வீட்டுப் பையன் வந்து கதவோட கீலைக் கழட்டினான். யாருக்கும் ஒண்ணும் ஆகலை. ஆனா அந்த முக்கால் மணி நேரம் மாமியார் வெளியே இருந்து எங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தது இன்னும் காதுல இருக்கு. அந்தக் கோடு இன்னும் தரையில இருக்கு, நான் அதை மறைக்க விடலை.

அதனால நீங்க செய்ய வேண்டிய முதல் வேலை இது. இன்னிக்கு ராத்திரி லைட்டை அணைக்கிறதுக்கு முன்னாடி கட்டில்ல படுத்து, மேல பாருங்க. அப்புறம் இடது, வலது. எது எட்டி விழுந்தா தலையில படும், எது சரிஞ்சா கதவை மறைக்கும், ரெண்டு கேள்விதான். தலைமாட்டுல கண்ணாடி போட்ட படம் மாட்டியிருந்தா அது ஹாலுக்குப் போகட்டும். பரண்ல சூட்கேஸ் இருந்தா இறக்குங்க. பீரோவை நகர்த்த முடியலைன்னா கட்டிலை நகர்த்துங்க, அதுக்கு ஓனர் அனுமதி வேண்டாம்.

ஓட்டை போடாம செய்யறதுக்கு நிறைய வழி இருக்கு. ஜப்பான்ல பீரோ மேலயும் கூரைக்கும் நடுவுல முட்டுக் கொடுக்கிற கம்பி விக்கிறாங்க, திருகினா நீளும், இறுகிக்கும். அது சுவர் ஓரமா இருக்கணும், முன் விளிம்புல கொடுத்தா வேலைக்கு ஆகாது. கூரை உறுதியா இருக்கணும், அட்டைக் கூரைன்னா தள்ளிக்கிட்டுப் போயிடும். கூடவே முன்பக்கக் கால் ரெண்டுக்கும் அடியில ஒரு ரப்பர் ஆப்பு வெச்சா பீரோ லேசா சுவர் பக்கம் சாய்ஞ்சு நிக்கும். கனமானதெல்லாம் கீழ் தட்டு, துணி மேல் தட்டு. அலமாரிக் கதவுக்கு, சின்னக் குழந்தை திறக்காம இருக்கப் போடுற பிளாஸ்டிக் கொக்கி போதும். அது இருந்திருந்தா உங்களுக்குத் தையல் இல்லை.

கடைசியா செருப்பு. ஷூவே நல்லது, அடிப்பாகம் கெட்டியா இருக்கறது. ஒரு துணிப்பையில ஷூவையும் டார்ச்சையும் போட்டு வாயைக் கட்டி, கட்டில் காலோட சேர்த்துக் கட்டிடுங்க. சும்மா கட்டிலுக்கு அடியில வெச்சா ஆடுற ஆட்டத்துல அறையோட அந்தக் கோடிக்குப் போயிடும். பையில போடாம வெச்சா உள்ளேயே கண்ணாடித் துண்டு விழுந்திருக்கும். ஆளுக்கு ஒரு பை, பையனுக்கும்.

கம்பியும் ரிங்கும் எழுதியது:

அக்கா சொன்னதில் மாற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நான் கட்டடங்களுக்கு டிசைன் போடுபவன், மீதியை நான் சொல்கிறேன்.

நீங்கள் முதலில் கேட்ட டகடக சத்தமும் பிறகு வந்த இழுப்பும் ஒரே நிலநடுக்கத்தின் இரண்டு அலைகள். முதலில் வருவது பி அலை. பாறையை முன்னும் பின்னும் அமுக்கிக்கொண்டு விநாடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் வேகத்தில் வரும். பின்னால் வருவது எஸ் அலை. அது சுமார் 3.5 கிலோமீட்டர் வேகம்தான், ஆனால் பக்கவாட்டில் உலுக்கும். வீட்டை உடைப்பது பெரும்பாலும் இதுவும் இதற்குப் பின்னால் தரையோடு வரும் அலைகளும். இரண்டுக்கும் இடைப்பட்ட விநாடியை எட்டால் பெருக்கினால் தோராயமாக எத்தனை கிலோமீட்டர் தூரத்தில் நடந்தது என்று வரும். நாலைந்து விநாடி என்கிறீர்கள், அப்படியானால் 30-லிருந்து 40 கிலோமீட்டர். அடுத்த முறை லாரி சத்தம் கேட்டால் திரும்பிப் படுக்காமல் அந்த நாலு விநாடியில் தலையணையைத் தூக்கிவிடுங்கள்.

அந்த 5.6 என்பது உங்கள் வீடு எவ்வளவு ஆடியது என்பதைச் சொல்லும் எண் அல்ல. பாறைக்குள் எவ்வளவு பெரிய உடைப்பு நடந்தது என்பதற்கான எண். ஒரு வெடியை ஒருமுறைதான் வெடிக்கிறோம். பக்கத்து வீட்டு ஜன்னல் அதிர்கிறது, நாலு தெரு தள்ளி இருப்பவர் தலை திருப்பக்கூட மாட்டார். வெடியின் அளவு ஒன்று, அதிர்வு ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு வேறு. ஜப்பானில் இதற்கென்றே தனி அளவுகோல் வைத்திருக்கிறார்கள், ஷிண்டோ என்று பெயர். 0-விலிருந்து 7 வரை, 5-ஐயும் 6-ஐயும் இரண்டிரண்டாகப் பிரித்து மொத்தம் பத்துப் படிகள். அங்கே செய்தியில் முதலில் ஓடுவது அந்தந்த ஊரின் ஷிண்டோதான்.

உங்கள் தோழி வீட்டுக்கும் குன்றுக்கும் உள்ள வித்தியாசம் மண். கெட்டிப் பாறையில் அலை சட்டென்று கடந்துவிடும். ஏரியைத் தூர்த்த இடம், ஆற்று வண்டல் போன்ற மெத்தென்ற மண்ணுக்குள் வந்தால் வேகம் குறைந்து, உயரம் கூடி, உள்ளேயே மோதி மோதி நெடுநேரம் ஆடும். 1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோ சிட்டியில் நடந்தது இதுதான். நிலநடுக்கம் கடற்கரைப் பக்கம், நகரிலிருந்து 300 கிலோமீட்டருக்கும் அப்பால். ஆனால் நகரின் பெரும்பகுதி பழைய ஏரியின் படுகையில் இருக்கிறது. அந்தக் களிமண் சுமார் இரண்டு விநாடிக்கு ஒருமுறை என்ற தாளத்தில் ஆடியது. ஆறிலிருந்து பதினைந்து மாடி வரை இருந்த கட்டடங்களுக்கும் கிட்டத்தட்ட அதே தாளம் என்பதால் அவைதான் அதிகம் சரிந்தன. பக்கத்தில் குட்டை வீடுகள் நின்றன. உங்கள் தோழியின் வீட்டு மனை முன்பு என்னவாக இருந்தது என்று விசாரிக்கச் சொல்லுங்கள்.

சின்னச் சின்னதாக ஆடினால் அழுத்தம் வடிந்து பெரியது வராது என்று யாராவது ஆறுதல் சொன்னால் நம்ப வேண்டாம். அளவு ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் 32 மடங்கு. இரண்டு கூடினால் ஆயிரம் மடங்கு. ஒரு 7.6 வெளியிடும் ஆற்றலை 5.6-ஆகவே வடிக்க வேண்டுமென்றால் உங்கள் செவ்வாய்க்கிழமை ஆயிரம் முறை வர வேண்டும். பூமியின் தட்டுகள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. விளிம்பில் பாறை பிடித்துக்கொண்டு வளைகிறது, தாங்காதபோது விடுபடுகிறது. 1906 சான்பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தில் நேராகப் போட்டிருந்த வேலிகள் பிளவுக்கோட்டின் மேல் வெட்டுண்டு பல அடி தள்ளி நின்றன. அதையும் நில அளவைக் கணக்குகளையும் வைத்துத்தான் ஹாரி ஃபீல்டிங் ரீட் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்த விளக்கத்தைச் சொன்னார்.

நான் உங்களிடம் கேட்க நினைப்பது வேறு. மூன்றாம் மாடி என்கிறீர்கள். தரைத்தளத்தில் என்ன இருக்கிறது? மேலெல்லாம் சுவர், கீழே வெறும் தூண்களும் கார்களும் என்றால் அந்த ஒரு தளம் மட்டும் இளகலாக இருக்கும், ஆட்டம் மொத்தமும் அங்கேயே இறங்கும். 2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில் பல அடுக்குமாடிகள் இப்படித்தான் உட்கார்ந்தன. கீழே தூண் மட்டும் என்றாலே ஆபத்து என்று அர்த்தமில்லை, அந்தத் தளத்துக்கென்று தூணைப் பெரிதாக்கி, கான்கிரீட் சுவர் சேர்த்து டிசைன் செய்திருந்தால் நிற்கும். கட்டிய வருடத்தையும், அப்போது அமலில் இருந்த நிலநடுக்க விதிப்படி கட்டினார்களா என்பதையும் கேளுங்கள். பின்னாளில் யாராவது கீழே சுவரை இடித்துக் கடை வைத்தார்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

தூணுக்குள் இருக்கும் ரிங் கம்பியை நீங்கள் பார்க்க முடியாது, ஆனால் என் தொழிலில் பாதி அதுதான். நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிப் போடும் அந்த ரிங்கின் முனையை வெறுமனே செங்கோணத்தில் மடித்து விட்டால், மேல்பூச்சுக் கான்கிரீட் உதிர்ந்த அடுத்த நொடி ரிங் வாயைத் திறந்துவிடும், தூண் பிதுங்கும். 135 டிகிரிக்கு மடித்து முனையைத் தூணின் உள்ளே சொருகினால் பிடித்துக்கொள்ளும். கம்பி கட்டுபவருக்கு ஒரு ரிங்குக்குச் சில விநாடி கூடுதல் வேலை. அந்தச் சில விநாடிக்காக நான் சைட்டில் போட்ட சண்டைகளுக்குக் கணக்கில்லை.

விதிகளின் நோக்கம் சாதாரணக் கட்டடம் பெரிய நிலநடுக்கத்தில் கீறாமல் இருப்பது அல்ல. கீறலாம், கோணலாகலாம், பிறகு இடிக்க வேண்டியும் வரலாம். உள்ளே இருப்பவர்கள் நடந்து வெளியே வர வேண்டும், அதுதான். 2010-இல் ஹைட்டியில் ஜனவரியில் 7.0, சிலியில் பிப்ரவரியில் 8.8. சிலியில் வெளிப்பட்ட ஆற்றல் சுமார் 500 மடங்கு. ஹைட்டியில் இறந்தவர்கள் லட்சத்துக்கும் மேல், சிலியில் சில நூறு பேர். சிலிக்கு 1960-இல் 9.5 வந்து பாடம் எடுத்திருந்தது, கட்டட விதியை அவர்கள் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. மையத்தின் ஆழம், நகரிலிருந்து தூரம் இவற்றுக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை.

சும்மா கேட்கிறேன் எழுதியது:

மேஜைக்கு அடியில் போனால் மேஜையோடு சேர்ந்து நசுங்க வேண்டியதுதான் என்றும், மேஜைக்கும் சோபாவுக்கும் பக்கத்தில் சுருண்டு படுத்தால் முக்கோணமாக இடம் கிடைத்து உயிர் தப்பலாம் என்றும் ஒரு மீட்புப் பணியாளர் சொன்னதாக எனக்கு வந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லையே? அந்த 48 மணி விஷயத்தையும் முழுப் பொய் என்று ஒதுக்க முடியுமா? விலங்குகளுக்கு முன்பே தெரியும் என்கிறார்கள்.

பழைய குடித்தனம் எழுதியது:

அந்த முக்கோணம் எனக்கும் வருஷத்துக்கு ரெண்டு தடவை வருது தம்பி. கூரை மொத்தமா அப்படியே சப்பையா விழும்னு முடிவு பண்ணிக்கிட்டு சொல்ற யோசனை அது. பெரும்பாலான வீடு அப்படி விழுறதில்லை. அலமாரி, டிவி, ட்யூப்லைட், சுவர்ப்பூச்சு, இதுதான் விழுது. சோபா பக்கத்துல சுருண்டு படுத்தவன் தலையில இதெல்லாம் நேரா இறங்கும். அதுவும் முக்கோணம் எங்க வரும்னு ஆடுறப்ப யாருக்குத் தெரியும்? ஜப்பான்ல கோபே ஊர்ல 1995-ல பழைய மர வீடுங்க நிஜமாவே சரிஞ்சு ஆளுங்க நசுங்கி செத்தாங்க, அதை நான் இல்லைன்னு சொல்லலை. அதுக்கு மருந்து, வீட்டைப் பலப்படுத்துறது. படுக்கிற தினுசை மாத்துறதுல ஒண்ணும் ஆகாது.

கம்பியும் ரிங்கும் எழுதியது:

தேதியும் நேரமும் போட்டு எது வந்தாலும் அழித்துவிடுங்கள். 1975-இல் சீனாவின் ஹைசெங்கில் முன்னதிர்வுகள் நிறைய வந்ததைப் பார்த்து மக்களை வெளியேற்றினார்கள், நிலநடுக்கமும் வந்தது, உலகமே வியந்தது. அடுத்த வருடமே ஜூலை 28 அன்று டாங்ஷானில் அப்படி ஒரு முன்னறிகுறியும் பிடிபடவில்லை. இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேல் இறந்தார்கள். நாய் குரைத்தது, பாம்பு வெளியே வந்தது என்பதெல்லாம் நடந்த பிறகு நினைவுக்கு வருபவை. ஆடாத நாட்களில் குரைத்த நாயை யாரும் குறித்து வைப்பதில்லை.

ஆனால் முழுதாக ஒதுக்கவும் வேண்டாம், உங்கள் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு நிலநடுக்கம் வந்த பிறகு சில நாட்களுக்கு, அதே இடத்தில் அதைவிடப் பெரியது வரும் வாய்ப்பு வழக்கத்தைவிடக் கூடுதல்தான். கலிபோர்னியாவில் அதை நூற்றுக்கு ஐந்து அளவில் கணக்கிடுகிறார்கள். 2011 மார்ச் 9 அன்று ஜப்பானின் வடகிழக்குக் கடலில் 7-க்கு மேல் ஒன்று வந்தது, இரண்டு நாள் கழித்து 9.0. முதலாவதை முன்னதிர்வு என்று சொல்ல இரண்டாவது வர வேண்டியிருந்தது.

பின்னதிர்வு என்றால் சிறியது, பயமில்லை என்பதும் பாதி உண்மைதான். நியூசிலாந்தில் 2010 செப்டம்பர் 4 விடியற்காலை 7.1 வந்தது, கட்டடம் இடிந்து யாரும் சாகவில்லை. அதன் தொடர்ச்சியாக 2011 பிப்ரவரி 22 பகல் ஒரு மணிக்குச் சற்று முன் 6.2 வந்தது. கிட்டத்தட்ட கிறைஸ்ட்சர்ச் நகருக்கு அடியிலேயே, ஆழம் குறைவு, ஆட்கள் வேலையிலும் கடையிலும் இருந்த நேரம். 185 பேர் இறந்தார்கள். துருக்கியில் 2023 பிப்ரவரி 6 அதிகாலை 4:17-க்கு 7.8, ஒன்பது மணி நேரம் கழித்து 7.5. முதலில் விரிசல் விட்ட கட்டடத்துக்குள் பொருள் எடுக்கப் போவது அதனால்தான் கூடாது. பூச்சில் ஓடும் மயிரிழை விரிசல் பரவாயில்லை. தூணில் குறுக்காகவோ பெருக்கல் குறி போலவோ விரிசல் இருந்தால், கம்பி தெரிந்தால், முன்பு சரியாக மூடிய கதவு இப்போது மூடாவிட்டால், வெளியே நின்று பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

போனில் வரும் எச்சரிக்கை வேறு சமாச்சாரம், அது ஜோசியம் இல்லை. ஏற்கெனவே ஆட ஆரம்பித்துவிட்டதைப் பி அலையில் பிடித்து, எஸ் அலை உங்களை எட்டுவதற்குள் ஒலிப்பது. ஜப்பானில் 2007 முதல் பொதுமக்களுக்கே கொடுக்கிறார்கள். மெக்சிகோ சிட்டிக்குக் கடற்கரை தூரம் என்பதால் நல்ல நாளில் ஒரு நிமிடம்கூடக் கிடைக்கும். மையத்துக்குப் பக்கத்தில் இருந்தால் ஒலிப்பதற்குள் ஆட்டம் வந்துவிடும், அது கருவியின் குற்றமல்ல. போனில் அந்த அறிவிப்பை அணைத்து வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். எங்கள் ஆபீஸில் பாதிப் பேர் அணைத்திருந்தார்கள், தூக்கம் கெடுகிறதாம்.

பழைய குடித்தனம் எழுதியது:

விட்டுப்போனது ரெண்டு. தண்ணி, கேஸ்.

ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர், மூணு பேர், மூணு நாள், 36 லிட்டர். அது குறைந்தபட்சம், ஒரு வாரத்துக்கு வெச்சா நிம்மதி. எல்லாத்தையும் ஒரே இடத்துல வைக்காதீங்க, அந்த அறைக் கதவு மாட்டிக்கிட்டா? எங்க வீட்டு பீரோவை நினைச்சுக்கோங்க. தினசரி மாத்திரை சாப்பிடறவங்க இருந்தா ஒரு வாரத்து மாத்திரை தனியா. சில்லறையா கொஞ்சம் பணம், கரண்ட் இல்லைன்னா மெஷின்ல எடுக்க முடியாது. ஒரு விசில். இடிபாட்டுக்குள்ள இருந்து கத்தினா தொண்டைதான் போகும், விசில் சத்தம் ரொம்ப தூரம் கேட்கும்.

ஆடுறப்ப அடுப்பை அணைக்க ஓடாதீங்க, கொதிக்கிறது மேல கொட்டும். நின்ன பிறகு அணைங்க. கேஸ் வாசனையோ உஸ்ஸுன்னு சத்தமோ இருந்தா மெயின் வால்வை மூடிட்டு வெளியே போங்க. சுவிட்சைத் தொடாதீங்க, தீக்குச்சி கிழிக்காதீங்க, மெழுகுவத்தி வீட்டுல இருக்கவே வேண்டாம். குழாய்ல வர்ற கேஸை ஒருதடவை மூடினா கம்பெனி ஆள் வந்து சோதிச்சுத்தான் திறக்கணும். ஜப்பான்ல 1923 செப்டம்பர் 1, மதியம் 11:58. எல்லா வீட்டுலயும் அடுப்பு எரியற நேரம். டோக்கியோ, யோகோஹாமா பக்கம் லட்சம் பேருக்கு மேல போனாங்க, பெரும்பாலும் தீயில. அந்த நாளைத்தான் இன்னிக்கு வரைக்கும் அங்க ஒத்திகை நாளா வெச்சிருக்காங்க.

போன்ல பேச முயற்சி பண்ணாதீங்க, மெசேஜ் போகும். இந்தப் பகுதிக்கு வெளியே இருக்கற ஒரு சொந்தக்காரரை முடிவு பண்ணிக்கோங்க, எல்லாரும் அவருக்கே மெசேஜ் போடறது. அந்த நம்பரைப் பையன் மனப்பாடம் பண்ணணும். போன்ல சேவ் பண்ணி வெச்சது போன் உடைஞ்சா இல்லை.

மூன்றாம் மாடி எழுதியது:

நேற்று ஞாயிறு முழுக்க இதே வேலை. எல்லோருக்கும் நன்றி.

அக்கா சொன்னபடி படுத்துப் பார்த்தேன். எட்டு மாதமாக என் தலைக்கு நேர் மேலே கண்ணாடி போட்ட எங்கள் கல்யாணப் படம்! பீரோ சரிந்தால் கதவை மறைக்காது, ஆனால் பையன் படுக்கும் பக்கம் அப்படியே சாயும். கட்டிலைத் திருப்பிப் போட்டோம். இப்போது ஜன்னல் தள்ளி இருக்கிறது, பீரோ கால்மாட்டில் தள்ளி இருக்கிறது, ஃபேன் காற்றுதான் முகத்துக்கு வருவதில்லை.

வீட்டு உரிமையாளரிடம் பேசிப் பார்த்தேன். ஓட்டை என்றதும் வேண்டாம் என்றார். "பீரோ விழுந்தால் உங்கள் தரை ஓடு உடையும்" என்றேன். கொஞ்சம் யோசித்து, நான்கு ஓட்டைக்கு மட்டும் சம்மதம் என்று மெசேஜ் அனுப்பினார், காலி செய்யும்போது பூசித் தர வேண்டுமாம். பையன் மேல் சாய்ந்தால் என்ன என்று நான் கேட்டிருந்தால் சம்மதித்திருப்பாரா தெரியாது, ஓடு வேலை செய்தது.

கட்டட டிசைன் போடும் தம்பி கேட்டதற்குப் பதில்: கீழே கார் நிறுத்தும் இடம்தான், ஆனால் நாலு பக்கமும் மூலையில் கான்கிரீட் சுவர் இருக்கிறது. படம் எடுத்து அனுப்புகிறேன். கட்டிய வருடத்தைக் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை. தோழியின் மனை பற்றியும் கேட்டாயிற்று. அவள் தெருவின் பழைய பெயரே குளக்கரைத் தெருவாம்.

சனிக்கிழமை சாயங்காலம் குட்டியாக ஒன்று ஆடியது, 3.9 என்றார்கள். பையனும் நானும் மேஜைக்கு அடியில் போய்விட்டோம். அவன் மேஜைக் காலைப் பிடித்த பிடியில் விரல் வெளுத்துவிட்டது. நின்றதும் தலையை வெளியே நீட்டிப் பார்த்தால், அவர் கதவு நிலையில் நின்றுகொண்டிருக்கிறார், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. மாடிப்படிக்கு ஓடவில்லையே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

ஷூ பையில் மட்டும் ஒரு சிக்கல். கட்டில் காலில் கட்டிய மறுநாளே பையன் முடிச்சை அவிழ்த்து, ஷூவைப் போட்டுக்கொண்டு விளையாடப் போய்விட்டான். டார்ச்சையும் எடுத்துப் போயிருக்கிறான், பாட்டரி காலி.

பழைய குடித்தனம் எழுதியது:

அவனுக்குச் சின்னதாப் போன பழைய ஷூ வேண்டாம், அவசரத்துக்கு நுழையாது. ஒரு அளவு பெருசா ஒண்ணு வாங்கி உள்ள வைங்க, அதைப் போட்டுக்கிட்டு அவனால ஓட முடியாது, திருட மாட்டான். பாட்டரியை டார்ச்சுக்குள்ள போடாம அதே பையில தனியா ஒரு கவர்ல வைங்க, நாள்பட்டா உள்ளேயே கசிஞ்சுடும். பரண்ல இருந்து சூட்கேஸை இறக்கியாச்சா, அதைச் சொல்லவே இல்லையே?

மூன்றாம் மாடி எழுதியது:

இரண்டை இறக்கியாயிற்று. மூன்றாவது அவருடையது, "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றிருக்கிறார்.